கப்பலில் எழுதிய பாடத்திட்டம்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

டயர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு ஜாலியன்வாலா பாக் தான் நினைவுக்கு வரும். 1919ஆம் ஆண்டில் அங்கே கூடியிருந்த மக்களைச் சுட ஆணையிட்ட படைத் தலைவனின் பெயர் அது. நான் இங்கே எழுதப் புகுந்திருப்பது அந்த டயரைப் பற்றியன்று. இவர் ஹென்றி டயர். ஸ்காட்லாந்து நாட்டவர். 1848இல் பிறந்து 1918இல் மறைந்தவர். இருபத்து நான்கு வயதில் ஜப்பானுக்குக் கப்பலேறிச் சென்று, அந்நாட்டின் பொறியியல் கல்விக்கு அடிக்கல் நாட்டியவர்.

இவரை நானாகத் தேடிப் போகவில்லை. ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறு என்னை இவரிடம் கொண்டு வந்து சேர்த்தது. ஆகவே என் தவற்றை முதலில் சொல்லி விடுவதே முறை.

சென்ற ஆண்டு எங்கள் துறை மன்றக் கூட்டத்தில் பாடத்திட்டச் சீர்திருத்தம் என்ற தலைப்பில் பேச ஒப்புக்கொண்டேன். ஐந்து கல்லூரிகளின் பாடத்திட்டங்களைத் திரட்டினேன். பெரிய தாளில் கட்டம் போட்டு, எந்தக் கல்லூரியில் எத்தனை தாள்கள், எத்தனை செய்முறை வகுப்புகள், என்னென்ன விருப்பப் பாடங்கள் என்று எழுதிக் கரும்பலகையில் ஒட்டினேன். எந்தெந்தக் கல்லூரியில் எது எது கூடுதலாக இருக்கிறதோ அதையெல்லாம் நம் கல்லூரியிலும் சேர்த்து விட வேண்டும் என்று சொல்லி முடித்தேன். நண்பர்கள் நன்றாகவே கை தட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு பேராசிரியர் ஒருவர் என்னை அருகில் அழைத்தார். இந்தக் கட்டத்தில் கல்லூரிகள் எல்லாம் இருக்கின்றன, படிக்கப் போகிற மாணவன் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஒப்பிடுவது எப்படி என்று தெரிந்து கொள்ள வேண்டுமானால் ஹென்றி டயரின் வாழ்க்கையைப் படி என்று சொல்லி விட்டுப் போய்விட்டார். அப்படித்தான் படிக்கத் தொடங்கினேன்.

இரும்பாலை ஊரின் பிள்ளை

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு அருகில், பாத்வெல் என்ற வட்டாரத்தில் 1848 ஆகஸ்டு 16ஆம் நாள் டயர் பிறந்தார். தந்தை கூலித் தொழிலாளி. பிழைப்பைத் தேடி அந்தக் குடும்பம் இரும்பாலை இருந்த ஷாட்ஸ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தை ஆலையில் வேலை பார்க்க, மகன் அவ்வூர்ப் பள்ளியில் படித்தான். பின்னர் கிளாஸ்கோவுக்கு வந்து ஓர் எந்திரத் தொழிற்சாலையில் தொழில் பழகுநனாகச் சேர்ந்தான்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்து விட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணம் உண்டு. என் தந்தை ஒரு லேத் பட்டறையில் கடைசல் பிடிப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் முதலாண்டில் சேர்ந்த புதிதில், அப்பா என்ன செய்கிறார் என்று வகுப்பு நண்பர்கள் கேட்டபோது, கம்பெனியில் வேலை என்று மட்டும் சொல்லி வைத்தேன். பட்டறை என்ற சொல் என் வாயில் வரவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பகலில் தொழிற்சாலையில் சுத்தியலும் அரமும் பிடித்த டயர், மாலையில் ஆண்டர்சன் கல்லூரியின் மாலை வகுப்புகளுக்குச் சென்றார். 1796ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கல்லூரி அது. ஜான் ஆண்டர்சன் என்ற பேராசிரியர் எழுதி வைத்த உயிலின்படி உருவானது. பல்கலைக்கழகத்துக்குப் போக இயலாத உழைப்பாளிகளும் அங்கே அறிவியல் கற்க முடிந்தது.

அதே மாலை வகுப்புகளில் ஒரு ஜப்பானிய இளைஞரும் படித்துக் கொண்டிருந்தார். அவர் பெயர் யமாவோ யோசோ. ஜப்பானியர் நாட்டை விட்டு வெளியேறுவது குற்றமாக இருந்த 1863ஆம் ஆண்டில், நண்பர்கள் நால்வரோடு மறைந்து கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்தவர். கிளாஸ்கோவில் பகலில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை, மாலையில் ஆண்டர்சன் கல்லூரி. இருவரும் நண்பர்களாகப் பழகினார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் பகல் முழுதும் உழைத்துவிட்டு மாலையில் கண்ணைக் கசக்கிக் கொண்டு பாடம் கேட்ட அனுபவம் இருவருக்கும் பொதுவானது. பின்னாளில் ஒரு நாட்டின் கல்வியை அமைக்கும் பொறுப்பு இந்த இருவர் கையிலும் வந்து சேர்ந்தபோது அந்தப் பொது அனுபவம் பயன்பட்டது.

தொழில் பழகி முடித்த டயர் 1868இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விட்வர்த் உதவித்தொகையை வென்றார். அங்கே அவருக்குப் பொறியியல் கற்பித்தவர் ராங்கின். வெப்ப எந்திரங்களைப் பற்றிப் படிக்கும்போது நம் பாடநூலில் ராங்கின் சுழற்சி என்று வருகிறதே, அந்த ராங்கின் தான். இயற்பியல் கற்பித்தவர் வில்லியம் தாம்சன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்தவர். கூலித் தொழிலாளியின் மகனுக்கு இப்படிப்பட்ட ஆசிரியர்கள் வாய்த்தார்கள்.

இருவகைப் பள்ளிகள்

அந்நாளில் ஐரோப்பாவில் பொறியியல் கல்வி இருவேறு வழிகளில் நடந்து வந்தது. இதை விளங்கிக் கொண்டால்தான் டயர் செய்த காரியத்தின் அருமை விளங்கும்.

பிரான்சில் 1794இல் பாலிடெக்னிக் பள்ளி தோன்றியது. கடினமான தேர்வின் மூலம் மாணவர்களைப் பொறுக்கி எடுத்து, முதலில் கணிதமும் அறிவியலும் ஆழமாகக் கற்பித்தார்கள். அதன் பிறகே பாலம், சாலை, சுரங்கம் ஆகியவற்றுக்குரிய தனிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். ஜெர்மானிய நாடுகளிலும் அரசுப் பணத்தில் தொழில்நுட்பப் பள்ளிகள் எழுந்தன. 1825இல் கார்ல்ஸ்ருஹே நகரிலும், 1855இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலும் தோன்றியவை புகழ் பெற்றவை. துறைவாரியான படிப்பு, முழுநேரப் பேராசிரியர்கள், ஒழுங்கான ஆய்வுக்கூடம் என்று எல்லாம் திட்டமாக இருந்தன. ஆனால் மாணவன் படிப்பின் பெரும்பகுதியை வகுப்பறையிலும் வரைபடக் கூடத்திலுமே கழித்தான்.

பிரிட்டனில் நிலைமை நேர்மாறானது. அங்கே பொறியாளனாக விரும்புபவன் கல்லூரிக்குப் போவதில்லை. அனுபவம் மிக்க ஒரு பொறியாளரிடம் பணம் கட்டிச் சேர்ந்து, கூடவே இருந்து தொழிலைக் கற்றுக் கொள்வான். புகைவண்டியும் நீராவிக் கப்பலும் செய்து உலகையே வியக்க வைத்த நாடு அல்லவா? பட்டறை இருக்கப் பாடநூல் எதற்கு என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருந்தது. 1867இல் பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அந்த எண்ணத்துக்கு அடி விழுந்தது. பிரிட்டன் மிகச் சில பிரிவுகளில்தான் முதன்மை பெற்றது. மற்ற நாடுகள் அறிவியலைக் கொண்டு முந்தி விட்டன என்று நடுவர்களாகப் போன ஆங்கில அறிஞர்களே திரும்பி வந்து எச்சரித்தார்கள். அதன் பிறகே வெளிநாட்டுப் பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று விசாரிக்கும் அக்கறை பிரிட்டனில் பிறந்தது. கப்பல் கட்டும் பொறியாளரான ஸ்காட் ரஸ்ஸல் 1869இல் தொழில்நுட்பக் கல்வியைப் பற்றி ஒரு பெரிய நூலையே எழுதினார்.

டயர் மாணவராக இருந்த காலம் சரியாக இந்தக் காலம். அவரும் பல நாடுகளின் தொழில்நுட்பப் பள்ளிகளையும் அவற்றின் அமைப்பையும் தனிக் கவனத்தோடு ஆராய்ந்து வைத்திருந்தார். என்னைப் போலக் கட்டம் போட்டு எது அதிகம் என்று அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் வெளியே வருகிற மாணவனுக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்த்தார். ஐரோப்பியப் பள்ளிகளில் படித்தவனுக்குக் கணக்குத் தெரியும், கை பழகவில்லை. பிரிட்டிஷ் பட்டறையில் பழகியவனுக்குக் கை பழகியிருக்கும், ஏன் அப்படிச் செய்கிறோம் என்ற காரணம் தெரியாது. இரண்டு பக்கத்துக் குறையையும் அவர் நூலில் மட்டும் கற்கவில்லை. தொழிற்சாலையிலும் பல்கலைக்கழகத்திலும் தாமே இருந்து கண்டவர் அவர்.

அவருடைய ஆசிரியர் ராங்கினும் கோட்பாடும் நடைமுறையும் இணைய வேண்டும் என்று இடைவிடாது வற்புறுத்தியவர். கிளாஸ்கோவில் குளிர்கால அரையாண்டில்தான் வகுப்புகள் நடக்கும். கோடையில் மாணவர்கள் வேலைத்தளங்களுக்குப் போக வாய்ப்பு இருந்தது. அந்தப் பழக்கமும் டயரின் மனத்தில் பதிந்திருந்தது.

கடற்பயணம்

இதற்கிடையில் ஜப்பானில் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. 1868இல் பழைய ஆட்சி வீழ்ந்து மெய்ஜி ஆட்சி மலர்ந்தது. மறைந்து கப்பலேறிய ஐந்து இளைஞர்களில் ஒருவரான இட்டோ ஹிரோபுமி இப்போது ஆட்சியில் முக்கியமானவர். யமாவோ பொதுப்பணி அமைச்சகத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்தார். நம் நாட்டில் இன்னும் தொழிற்சாலைகளே இல்லையே, பொறியாளர்களை உருவாக்கி என்ன பயன் என்று சிலர் கேட்டபோது, முதலில் மனிதர்களை உருவாக்குவோம், தொழில்களை அவர்கள் உருவாக்குவார்கள் என்ற கருத்தை யமாவோ வற்புறுத்தினார் என்பர்.

1872இல் ஜப்பானிய அரசின் தூதுக்குழுவோடு பிரிட்டனுக்கு வந்த இட்டோ, புதிய பொறியியல் கல்லூரிக்கு ஆசிரியர்களைத் தேடினார். அந்த வேண்டுகோள் மேதிசன் என்ற வணிகர் வழியாகவும், கிளாஸ்கோவின் முதல் பொறியியல் பேராசிரியராக இருந்த லூயிஸ் கார்டன் வழியாகவும் ராங்கினிடம் வந்து சேர்ந்தது. ராங்கின் தம் மாணவர் டயரைப் பரிந்துரைத்தார். அந்த ஆண்டின் டிசம்பரிலேயே அவர் காலமாகி விட்டார். தாம் பரிந்துரைத்த மாணவன் என்ன செய்தான் என்று பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1873 ஏப்ரலில் டயர் தம் உடனாசிரியர்களோடு புறப்பட்டார். பட்டம் பெற்றதும் அவ்வாண்டிலேயே. அதுவரை ஒரு கல்லூரியிலும் ஆசிரியராக இருந்ததில்லை. போவதோ முதல்வர் பதவிக்கு. கடற்பயணம் ஏறத்தாழ இரண்டு மாதம். அந்த நாட்களை அவர் வீணாக்கவில்லை. புதிய கல்லூரியின் பாடத்திட்டத்தையும் விதிமுறைகளையும் கப்பலிலேயே எழுதி முடித்தார். ஜூன் மாதம் ஜப்பானை அடைந்ததும் அதை யமாவோவிடம் கொடுத்தார். யமாவோ ஒரு சொல்லையும் மாற்றாமல் ஏற்றுக் கொண்டார். பகலில் உழைத்து மாலையில் படித்தவர் எழுதியதை, பகலில் உழைத்து மாலையில் படித்த இன்னொருவர் படித்துப் பார்த்தார். மாற்றுவதற்கு எதுவும் இல்லாமல் போனதில் வியப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆறு ஆண்டுகளின் கணக்கு

டயர் வகுத்த படிப்பு ஆறு ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் முழுக்கக் கல்லூரியில். ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், வரைதல் ஆகிய அடிப்படைகள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டிலும் பாதி கல்லூரியில், பாதி வேலைத்தளத்தில். கடைசி இரண்டு ஆண்டுகள் முழுக்க நடைமுறைப் பணியில். சிவில், எந்திரவியல், தந்தி, கட்டடக்கலை, வேதியியல், உலோகவியல், சுரங்கம் ஆகியவற்றைத் தனித்தனியே கற்க வழி இருந்தது. துறைகளைப் பிரித்த முறையில் சூரிச் பள்ளியின் சாயல் உண்டு என்று ஆய்வாளர் கூறுவர். அரையாண்டுப் பகுப்பில் கிளாஸ்கோவின் சாயல் உண்டு. கடைசி இரண்டு ஆண்டுகளில் பிரிட்டிஷ் பட்டறையின் சாயல் உண்டு. ஆனால் மூன்றும் சேர்ந்த முழு வடிவம் அந்த மூன்று இடங்களில் எங்கும் இல்லை. அது டோக்கியோவில் மட்டுமே இருந்தது.

பிறரைப் பார்த்து எழுதியதாயிற்றே, இது நகல் ஆகாதா என்று நண்பர்கள் கேட்கலாம். நகல் எடுப்பவன் சூரிச்சை அப்படியே டோக்கியோவில் வைத்திருப்பான். சூரிச் மாணவன் கல்லூரியை விட்டு வெளியே வந்தால் அவனைச் சுற்றித் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே போய் மீதியைக் கற்றுக் கொள்ளலாம். ஜப்பானிய மாணவன் வெளியே வந்தால் தொழிற்சாலைகள் அரிது. ஆகவே தொழிற்சாலை அனுபவத்தையும் கல்லூரியே கொடுக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டு கொண்டதில்தான் டயரின் அறிவு விளங்குகிறது. மாணவர்கள் வேலை பழகுவதற்காக அகபானே என்ற இடத்து அரசுத் தொழிற்கூடத்தை வளர்ப்பதிலும் அவர் முன்னின்றார்.

அவருக்கு எதிர்ப்பட்ட பெரிய இடையூறு பாடத்தில் இல்லை, மாணவர்களிடம் இருந்தது. சேர்ந்த மாணவர்களில் பெரும்பாலோர் சாமுராய் எனப்படும் போர்வீரர் குடும்பத்துப் பிள்ளைகள். வாளும் ஏடும் அவர்கள் கைக்குப் பழக்கம். எண்ணெயும் கரியும் பழக்கமில்லை. கையால் உழைப்பது தம் குலத்துக்கு இழுக்கு என்று வளர்க்கப்பட்டவர்கள். அவர்களை மேலங்கியைக் கழற்றச் சொல்லி உலைக்கும் லேத்துக்கும் முன்னால் நிறுத்தினார் டயர். அந்த வேலையைத் தாமே செய்து வளர்ந்தவர் ஆதலால் அவர் சொன்னதற்கு மதிப்பு இருந்தது.

என் தந்தையின் பாடம்

இங்கே என் கதைக்குத் திரும்புகிறேன். எங்கள் ஆய்வகத்தில் யங் குணகம் காணும் சோதனை உண்டு. ஒரு சட்டத்தின் ஒரு முனையை இறுகப் பிடித்து, மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று நகரும் நுண்ணோக்கியால் பார்க்க வேண்டும். வாய்பாடு எனக்கு மனப்பாடம். பதிவேட்டில் நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அன்றிரவு வீட்டில் படம் வரைந்து கொண்டிருந்தபோது என் தந்தை எட்டிப் பார்த்து, இதைக் கண்டுபிடித்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தேர்வில் எழுதுவோம் என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை.

அவர் சிரித்து விட்டு, தம் வேலையைச் சொன்னார். நீளமான இரும்புத் தண்டைச் சக்கில் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக் கடைந்தால், வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் முனை டூலின் அழுத்தத்துக்கு விலகிக் கொடுக்கும். விலகிய இடத்தில் வெட்டு குறையும். கடைசியில் தண்டு சக்கின் அருகே மெலிந்தும் முனையில் பருத்தும் நிற்கும். அதனால் தண்டின் குறுக்களவைப் போல மூன்று மடங்குக்கு மேல் வெளியே நீட்டினால், மறுமுனைக்குச் சென்டர் கொடுத்துத் தாங்க வேண்டும். இது அவருக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் சொன்ன விதியாம். ஏன் மூன்று மடங்கு என்று அவருக்குத் தெரியாது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வரைந்து கொண்டிருந்த படமும் அவர் சொன்ன தண்டும் ஒன்றே. நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும் என்பது என் பதிவேட்டில் இருக்கிறது. அந்த எட்டு மடங்கைப் பல ஆண்டுகளாகக் கையால் உணர்ந்தவர் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். வாய்பாடு என்னிடமும் விதி அவரிடமும் இருந்தன. ஒரே வீட்டில் இருந்தும் இரண்டும் சந்திக்கவே இல்லை. அவருடைய தொழிலின் பெயரைச் சொல்லக் கூசியவன் நான் என்பதையும் அப்போது நினைத்துக் கொண்டேன். மேலங்கியைக் கழற்றத் தயங்கிய அந்தச் சாமுராய்ப் பிள்ளைகளுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அவர்களாவது வாளோடு வளர்ந்தவர்கள். நான் பட்டறைச் சம்பளத்தில் வளர்ந்தவன்.

விளைந்த பயிர்

டயர் அழைத்து வந்தவர்களும் பின்னர் வந்து சேர்ந்தவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். இந்தியத் தந்தித் துறையில் பணியாற்றிய வில்லியம் அயர்ட்டன் அங்கே தந்தியும் இயற்பியலும் கற்பித்தார். 1878 மார்ச் 25ஆம் நாள் அந்தக் கல்லூரி மண்டபத்தில் அவர் மின்வில் விளக்கு ஏற்றிக் காட்டினார். அந்த நாளை ஜப்பானியர் மின்சார நினைவு நாளாகக் கொண்டாடுகிறார்கள். சுரங்கவியல் கற்பிக்க வந்த ஜான் மில்ன் நிலநடுக்க ஆய்வில் புகழ் பெற்றார். ஜோசையா காண்டர் கட்டடக்கலை கற்பித்தார்.

1879இல் முதல் அணியினர் இருபத்து மூவர் பட்டம் பெற்றனர். அவர்களில் ஒருவரான தக்கமினே ஜோக்கிச்சி பின்னாளில் அட்ரினலினைப் பிரித்தெடுத்த வேதியியலாளர். இன்னொருவரான தத்சுனோ கிங்கோ 1884இல் தம் ஆசிரியர் காண்டரின் இடத்திலேயே பேராசிரியர் ஆனார். 1914இல் திறக்கப்பட்ட டோக்கியோ புகைவண்டி நிலையம் அவர் வரைந்தது. 1883இல் தேறிய தனாபே சக்குரோ, பீவா ஏரியின் நீரைக் கியோட்டோ நகருக்குக் கொண்டு வரும் கால்வாயைத் தம் பட்ட ஆய்வேட்டுக்குப் பொருளாகக் கொண்டார். ஆய்வேடு அலமாரியில் தூங்கவில்லை. 1885இல் அதே வேலை அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. 1890இல் கால்வாய் முடிந்தது. மறு ஆண்டில் அந்த நீரிலிருந்து மின்சாரமும் பிறந்தது.

அதே 1883ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்த வத்தனாபே கைச்சி, ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலக் கட்டுமானத்தில் பணியாற்றினார். அந்தப் பாலம் எப்படிச் சுமையைத் தாங்குகிறது என்று விளக்க ஒரு புகைப்படம் எடுத்தார்கள். இரண்டு மனிதர்கள் நாற்காலியில் அமர்ந்து கைகளை நீட்டியிருக்க, அவர்களுக்கு நடுவில் ஓர் இளைஞர் தொங்கும் பலகையில் உட்கார்ந்திருப்பார். அந்த இளைஞர் தான் வத்தனாபே. ஒருமுனை பிடித்த சட்டத்தின் தத்துவம் தான் அதிலும் இருக்கிறது. ஜப்பானுக்குக் கற்பிக்க ஸ்காட்லாந்திலிருந்து கப்பல் போய்ப் பதினைந்து ஆண்டுகளுக்குள், ஸ்காட்லாந்தில் பாலம் கட்ட ஜப்பானிலிருந்து ஆள் வந்து விட்டார்.

திரும்பி வந்தவர்

1882இல் டயர் தாயகம் திரும்பினார். ஜப்பானியப் பேரரசர் அவருக்கு உதய சூரியன் விருது அளித்துப் பெருமைப்படுத்தினார். ஆனால் சொந்த ஊரில் அவர் எதிர்பார்த்த வரவேற்பு இல்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. ஒரு நாட்டின் கல்லூரியையே ஒன்பது ஆண்டுகள் நடத்தியவருக்கு இது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்!

அவர் சோர்ந்து உட்கார்ந்து விடவில்லை. தாம் மாலை வகுப்பில் படித்த ஆண்டர்சன் கல்லூரி வேறு சில நிறுவனங்களோடு இணைந்து பெரிய தொழில்நுட்பக் கல்லூரி ஆனபோது அதன் ஆட்சிக்குழுவில் இடம் பெற்று உழைத்தார். ஜப்பானில் தாம் செய்து பார்த்ததைக் கொண்டு பிரிட்டனின் தொழில்நுட்பக் கல்வியைச் சீர்திருத்த வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார். போகும்போது ஐரோப்பாவை ஒப்பிட்டு ஜப்பானுக்குப் பாடத்திட்டம் எழுதியவர், வந்தபின் ஜப்பானோடு ஒப்பிட்டு ஐரோப்பாவின் குறையைச் சொன்னார். 1904இல் ஜப்பானைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். கிளாஸ்கோவின் பள்ளிக் கல்விக் குழுவில் பல ஆண்டுகள் பணியாற்றி, அதன் தலைவராகவும் இருந்தார். அங்கு படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களுக்குத் துணை நின்றார். 1918இல் கிளாஸ்கோவிலேயே காலமானார். அவர் ஆட்சிக்குழுவில் இருந்த அந்தக் கல்லூரி 1964இல் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகம் ஆயிற்று.

ஜப்பானில் அவர் எழுதிய திட்டம் என்ன ஆயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1886இல் அந்தக் கல்லூரி டோக்கியோவின் பேரரசுப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அங்கே படிப்பு மூன்றாண்டுகளாக அமைந்தது. முழுக்க நடைமுறைக்கென்று இரண்டு ஆண்டுகளை ஒதுக்கிய ஏற்பாடு நீடிக்கவில்லை. எந்தப் பாடத்திட்டமும் அப்படியே நிலைப்பதில்லை. ஆனால் அதற்குள் இருநூறுக்குச் சற்று மேற்பட்ட பட்டதாரிகள் அங்கிருந்து வெளியே வந்து விட்டார்கள். பாலமும் கால்வாயும் தந்தியும் தொழிற்சாலையும் அவர்கள் கையால் எழுந்தன. அடுத்த தலைமுறைக்கு ஆசிரியர்களும் அவர்களிலிருந்தே வந்தார்கள்.

மீண்டும் அந்தக் கட்டம்

இவ்வளவையும் படித்த பிறகு என் பழைய அட்டவணையை எடுத்து மறுபடி எழுதினேன். இந்த முறை முதல் கட்டத்தில் கல்லூரியின் பெயரை எழுதவில்லை. நம் கல்லூரிக்கு வருகிற மாணவன் யார், அவன் வீட்டில் என்ன தொழில் நடக்கிறது, படிப்பு முடிந்து அவன் எங்கே போகப் போகிறான் என்று எழுதினேன். எங்கள் வகுப்பில் மட்டும் நெசவு, தச்சு, உழவு, கடைசல், மின்மோட்டார் சுற்றுதல் என்று பல தொழில் வீடுகள் இருக்கின்றன. இதை நான் அதுவரை ஒரு பாட வசதியாக எண்ணியதே இல்லை. மற்றக் கல்லூரிகளின் பட்டியலை அதன் பிறகே எழுதினேன். நம் மாணவனுக்கு எது குறைகிறதோ அதை யார் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். அட்டவணை முன்பு இருந்ததில் பாதியாகச் சுருங்கி விட்டது.

அந்தப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் படித்து விட்டு, இதில் எதையாவது பாடத்திட்டம் மாறும் வரை காத்திராமல் செய்ய முடியுமா என்று கேட்டார். அதன் விளைவாக, என் வகுப்பு நண்பர்கள் அறுவர் இரண்டு சனிக்கிழமைகள் என் தந்தை வேலை செய்யும் பட்டறைக்கு வந்தார்கள். முதலாளி மனமுவந்து இசைந்தார். ஒரு தண்டைச் சென்டர் கொடுக்காமல் கடைந்து, இரு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்தோம். என் தந்தை சொன்னபடியே முனை பருத்திருந்தது. வெளியே நீட்டிய நீளத்தை மாற்றி மாற்றிக் கடையச் சொல்லி, அளவுகளை வரைபடத்தாளில் குறித்தோம். நீளம் கூடக் கூடக் கோடு செங்குத்தாக ஏறியது. ஏன் மூன்று மடங்கு என்ற விதி வந்தது என்பதை அந்தக் கோட்டைக் காட்டி என் தந்தைக்கு விளக்கினேன். அவர் தாளைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

அன்று அந்த நண்பர்களுக்கு என் தந்தையை நான் அறிமுகம் செய்து வைத்தபோது, கம்பெனி என்று சொல்லவில்லை. லேத்தில் கடைசல் பிடிப்பவர், எங்கள் சோதனைக்கு ஆசிரியர் என்று சொன்னேன்.

அன்பு நண்பர்களே! பாடத்திட்டம் எழுதும் பதவி நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்குமோ தெரியாது. ஆனால் நம் கல்லூரியைப் பிற கல்லூரிகளோடு ஒப்பிட்டுப் பேசாதவர் நம்மில் யாரும் இல்லை. இனி அப்படி ஒப்பிடும்போது, கப்பலில் உட்கார்ந்து எழுதிய அந்த இருபத்து நான்கு வயது இளைஞரையும் ஒரு முறை நினைத்துக் கொள்வோம்.